வானத்தில் கையெழுத்து வைக்காதவர்கள்

லீவில் யாழ்ப்பாணம் வந்தால் சொந்தக்காரர் என்னிடம் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முந்தி, விமானம் நடுவானில் ஏன் குலுங்குகிறது என்று கேட்பார்கள். இப்போது ட்ரோனைப் பற்றிக் கேட்கிறார்கள். கலியாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை காரால் இறங்க முன்னமே தலைக்கு மேலே ஒன்று இரைந்துகொண்டு நிற்கிறது. சாமத்திய வீடு, கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி, எங்கே போனாலும் அதுதான். "நீ பிளேனோட நிக்கிற ஆள். உண்மையா உதாலை பிளேனுக்கு ஆபத்தோ, இல்லாட்டி சும்மா வெருட்டுறாங்களோ?" என்று மாமா கேட்டார்.

நான் வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்பில் வேலை செய்கிறவன். மாமாவுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களிடமே இதற்கு ஒரே பதில் கிடையாது. விமானத்தின் எந்தப் பக்கத்தில் நின்று உழைக்கிறார் என்பதைப் பார்த்தால் அவர் ட்ரோனைப் பற்றி என்ன சொல்வார் என்று பாதி ஊகித்துவிடலாம். கன்ரீனிலும், விமானத்தை நிறுத்தித் திருத்தும் கொட்டகையான ஹங்கருக்குப் போகும் பஸ்ஸிலும் வருடக்கணக்காக இந்தக் கதையைக் கேட்டுவருகிறேன். விமானி ஒன்று சொல்வார், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் (நாங்கள் ரவர் என்போம்) இருப்பவர் இன்னொன்று சொல்வார், ஓடுபாதையோரம் குருவி கலைப்பவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் மட்டும் ஒன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஹங்கரில் ட்ரோன் எங்கள் எதிரி கிடையாது.

ஒரு பயணிகள் விமானம் சராசரியாக வருடத்துக்கு ஒரு தடவை மின்னலில் அடிபடும் என்பது எங்கள் தொழிலில் சொல்லப்படும் கணக்கு. உள்ளே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் விமானம் இறங்கியதும் எங்கள் வேலை தொடங்கும். மின்னல் மூக்குப் பக்கம் ஏறினால் வால் பக்கத்தால் வெளியேறும். ஏறிய இடமும் வெளியேறிய இடமும் மிளகளவுதான் தெரியும்: தகடுகளைப் பொருத்தும் ஆணியான ரிவெட்டின் தலையில் சிறு உருகல், பெயின்ற் கருகிய ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைத் தேடி மூக்கிலிருந்து வால் வரை, இறக்கை நுனி வரை, ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் செரி பிக்கரில் நின்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். இரவு வேலையில், கழுத்தை அண்ணாந்தபடி, கையில் ரோர்ச் லைட்டோடு. வாலின் உச்சி நாலைந்து மாடி உயரம். அந்த உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள்.

இதே வேலையை ட்ரோனால் செய்யலாம் என்று 2016இல் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் ஏர்பஸ் காட்டியது. இரண்டு வருடம் கழித்து, ஹங்கருக்குள் தானாகப் பறந்து படமெடுக்கும் ட்ரோனை அறிமுகப்படுத்தினார்கள். படமெடுப்பு 30 நிமிடம், அறிக்கை வரை முழு வேலையும் 3 மணித்தியாலம் என்றார்கள். வழமையாக அதற்கு ஒரு நாள் போகும். கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பதால் லேசர் கதிரால் தூரத்தை அளந்து, விமானத்தில் முட்டாமல் சுற்றிவரும்.

இளம் பெடியள் இதை இரு கை நீட்டி வரவேற்கிறார்கள். உயரத்தில் ஏறத் தேவையில்லை, கழுத்து நோகாது, எடுத்த படம் அப்படியே இருக்கும்; அடுத்த வருடம் அதே இடத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூத்தவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அந்த யோசனையைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று நான் தள்ளமாட்டேன். ஒரு ரிவெட் இளகிவிட்டால் அதைச் சுற்றி, காற்று ஓடும் திசையில், கரிக்கோடு இழுத்ததுபோல ஒரு கறுப்புத் தடம் விழும். இளகிய ரிவெட் தகட்டோடு உரசி உரசி வெளிவிடும் அலுமினியத் தூள் அது. படத்தில் அந்தத் தடம் தெரியும். ஆனால் அழுக்கும் அதே மாதிரித்தான் தெரியும். துணியால் துடைத்துவிட்டு விரல் நுனியை ரிவெட்டில் வைத்து அழுத்தினால்தான் அது அசைகிறதா இல்லையா என்று தெரியும். தகட்டில் ஒரு நெளிவு இருந்தால் அதன் ஆழத்தை அளவுக்கருவி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் பின்னத்தில்தான் விமானம் பறக்கலாமா நிற்க வேண்டுமா என்ற முடிவு தொங்கும்.

மட்டக்களப்பைச் சேர்ந்த மூத்த லைசென்ஸ் எஞ்சினியர் ஒருவர் எங்களோடு இருந்தார். ட்ரோன் எடுத்த படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. "இது எங்கை பாக்கோணும் எண்டு எனக்குக் காட்டட்டும், அதுக்கு நன்றி. ஆனா பாத்தாச்சு எண்டு நான்தான் கையெழுத்து வைக்கோணும். மெசின் வைக்காது."

விமானப் பராமரிப்பில் கையெழுத்து என்றால் சாதாரண விஷயமில்லை. ஒரு திருகாணியைக் கழற்றிப் பூட்டினாலும் யார் பூட்டினார், எந்த நேரம், எந்தக் கருவியால் என்று எழுதிக் கீழே பேர் போட வேண்டும். கடைசியில் ஒரு லைசென்ஸ் எஞ்சினியர் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்து வைத்தால்தான் விமானி அதை எடுப்பார். பத்து வருடம் கழித்து ஏதாவது நடந்தாலும் அந்தத் தாள் கிளம்பி வரும். ஹங்கருக்குள் பறக்கும் ட்ரோன் இந்தச் சங்கிலிக்குள்ளேயே வந்துவிட்டது. அதை ஓட்டியவர் பேர் இருக்கிறது, வேலை அட்டை இருக்கிறது, படத்தைப் பார்த்தவர் பேர் இருக்கிறது. ஆகவே அதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பன்னிரண்டு பேர் செய்த வேலைக்கு நாலு பேர் போதும் என்று நிர்வாகம் ஒருநாள் சொல்லும் என்ற பயம் இருக்கிறது, அது நியாயமான பயம்தான். ஆனால் அது சம்பளப் பிரச்சினை. தொழிற்சங்கம் பேச வேண்டியது.

விமானிகளிடம் போனால் கதையே வேறு.

அவர்களுக்கு ட்ரோன் என்றால் இறங்கும் நேரத்தில் கண்ணாடிக்கு முன்னே வரும் ஒரு சாமான். அமெரிக்காவில் விமான நிலையங்களுக்குக் கிட்ட ட்ரோன் கண்டதாக மாதத்துக்கு 100க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வருவதாக அங்குள்ள விமான நிர்வாகம் சொல்கிறது. அவற்றில் சிலது பறவையாக இருக்கலாம், பலூனாக இருக்கலாம். ஆனால் உண்மையாக மோதியவையும் உண்டு. 2017 ஒக்ரோபர் 12ஆம் திகதி கனடாவின் கியூபெக் நகரில் இறங்க வந்த, எட்டுப் பேர் இருந்த கிங் ஏர் விமானத்தின் இறக்கையில், 1,500 அடி உயரத்தில், ஒரு ட்ரோன் மோதியது. நல்ல காலம், விமானம் பத்திரமாக இறங்கியது.

"குருவி அடிச்சாலே தாங்குது, இந்தச் சின்னச் சாமான் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய பயணிகள் விமானத்தின் முன் கண்ணாடி 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் பறவை தசையும் தண்ணீரும். மோதினால் சிதறிப் பரவும். ட்ரோனுக்குள் இருப்பது மோட்டர், கமரா, லிதியம் பற்றரி. அவை சிதறாமல் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் 2018இல் ஒரு சிறு விமானத்தின் இறக்கைத் துண்டை வைத்து, சுமார் ஒரு கிலோ நிறையுள்ள ட்ரோனை மணிக்கு 383 கிலோமீற்றர் வேகத்தில் அதன்மீது எறிந்து பார்த்தது. ட்ரோன் இறக்கையின் முன் விளிம்பைக் கிழித்து உள்ளே போய், இறக்கையைத் தாங்கும் பிரதான தண்டிலும் சேதம் வைத்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது என் வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தண்டில் ஒரு கீறல் இருந்தாலே நாங்கள் விமானத்தை வெளியே விடமாட்டோம்.

இன்னொன்று, 2025 ஜனவரி 9. லொஸ் ஏஞ்சலிசில் காட்டுத்தீ. கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்த தண்ணீர் அள்ளி ஊற்றும் விமானம் ஒன்றின் இறக்கையை ஒரு ட்ரோன் துளைத்தது. அது கையடக்கமான, 250 கிராமுக்கும் குறைந்த ஒன்று. தீயைப் பார்க்கலாம் என்று ஏற்றியவர், போகப் போக அதைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விட்டுவிட்டார். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது அந்த விமானம் பல நாள் தரையில் நின்றது. இறக்கையில் விழுந்த ஓட்டையை அடைத்தவர்கள் என் மாதிரி ஆட்கள்தான். பெரியவை பொல்லாதவை, சின்னவை பரவாயில்லை என்ற நினைப்பை விட்டுவிட எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

விமானிகளின் பேச்சில் இன்னொரு கவலையும் கலந்திருக்கும். காக்பிட்டில் இருவர் இருப்பதை ஒருவராகக் குறைக்கலாமா என்று விமானம் செய்கிறவர்கள் ஆராய்கிறார்கள். வட அமெரிக்க விமானிகள் சங்கம் அதை எதிர்த்துப் பிரசாரமே நடத்துகிறது. ஆளில்லாத விமானம் வானத்துக்குப் பழகிவிட்டால் அடுத்தது தங்கள் கதிரைதான் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் தனியாகக் கேட்டால், ட்ரோன் தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொன்ன விமானியை நான் காணவில்லை. மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோக ருவாண்டாவில் 2016இலிருந்து ட்ரோன் பறக்கிறது. அதை வியந்து பேசிய விமானிகள் உண்டு. "அது எங்கை பறக்குது, யார் ஓட்டுறார் எண்டு அங்கை ரவருக்குத் தெரியும்" என்பார்கள்.

ரவர்காரர்களுக்கோ அதுதான் முழுப் பிரச்சினையும். அவர்களுடைய திரையில் விமானம் தெரிவது பெரும்பாலும் விமானம் தானாகப் பதில் சொல்வதால்தான்: தரையிலிருந்து ராடர் கேட்கும், விமானத்திலுள்ள கருவி தன் அடையாளத்தையும் உயரத்தையும் அனுப்பும். கலியாண ட்ரோனில் அந்தக் கருவி இல்லை. வெறும் ராடர் எதிரொலியில் அது குருவியளவு. குருவிகளைத் திரையிலிருந்து வடிகட்டுவதுதான் வழமை. ஆகவே விமானி சொன்னால்தான் அவருக்குத் தெரியும், சொல்கிற நேரத்தில் காலம் கடந்திருக்கும்.

2018 டிசம்பரில் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் நடந்ததை எங்கள் தொழிலில் யாரும் மறக்கவில்லை. டிசம்பர் 19 இரவு ஓடுபாதைக்கு மேல் ட்ரோன் கண்டதாகத் தகவல். 21 வரை திறப்பதும் மூடுவதுமாக நத்தார் கூட்டம் தவித்தது. சுமார் 1,000 விமானங்கள் ரத்தாகின அல்லது வேறிடம் போயின. பயணிகள் சுமார் 140,000 பேர். யாருடைய ட்ரோன் என்று இன்றுவரை தெரியாது. பிழையாகப் பிடிபட்ட தம்பதியருக்கு இழப்பீடும் சட்டச் செலவுமாக 200,000 பவுண் கொடுத்ததுதான் மிச்சம். அதைப் பற்றி ஒரு கட்டுப்பாட்டாளர் என்னிடம் சொன்ன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. ஓடுபாதையை மூடுவது லேசு, ஒருவர் கண்டேன் என்றால் மூடலாம். திறப்பதுதான் கஷ்டம் என்றார். ட்ரோன் இப்போது இல்லை என்று யார் எழுதிக் கையெழுத்து வைப்பது? விமானத்தை நான் பார்த்துக் கையெழுத்து வைப்பேன், ஓடுபாதையைத் தரை ஊழியர் பார்த்துக் கையெழுத்து வைப்பார். வெறும் வானத்துக்கு யாரும் வைக்க முடியாது.

தரை ஊழியர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுபாதையில் ஒரு ஆணி கிடந்தாலும் குனிந்து பொறுக்குவது அவர்கள் வேலை. 2000 ஜூலையில் பாரிசில் கொன்கோர்ட் விமானம் எரிந்து 113 பேர் மாண்டது, முன்னே போன விமானத்திலிருந்து விழுந்த ஒரு உலோகத் துண்டு சில்லைக் கிழித்ததில் தொடங்கியது. அவர்களுக்கு ட்ரோனும் பட்டமும் ஒரே இனம், விமானத்தின் பாதையில் இருக்கக் கூடாத சாமான். அதே ஆட்கள்தான், குருவி கலைக்க ஒரு ட்ரோன் தந்தால் நல்லது என்றும் சொல்வார்கள். கனடாவின் எட்மன்டன் விமான நிலையத்தில் 2017இல் வல்லூறு மாதிரிச் சிறகடிக்கும் ஒரு இயந்திரப் பறவையை விட்டு மற்றக் குருவிகளை விரட்டினார்கள். வெயிலில் வெடி கொளுத்திக் கொளுத்திக் காது அடைத்தவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

இனி எங்கட ஊருக்கு வருகிறேன்.

பலாலிக்கு விமானம் புதிதில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு யுத்தம் அதைப் படைத்தளமாக்கியது. 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயர் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் போனது. 2019 ஒக்ரோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தபோது, எங்களைப் போல இந்தத் தொழிலில் வெளிநாட்டில் நிற்கிற யாழ்ப்பாணத்தார் பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கொரோனா வந்து மூடி, 2022 டிசம்பரில் மறுபடி சென்னை விமானம் வந்தது. இப்போது திருச்சியிலிருந்தும் வருகிறது. இந்த ஓடுபாதை நன்றாக இருக்க வேண்டும், வளர வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு பேசுகிறேன்.

ட்ரோனும் எங்கட சனத்துக்குப் புதிதில்லை. வன்னியில் இருந்தவர்களுக்கு அது வண்டு. மேலே அது சுற்றினால் பங்கருக்குள் போக வேண்டும், கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும். கலியாண வீட்டில் எல்லாரும் மேலே பார்த்துக் கை காட்ட, ஒரு வயதான அம்மா மட்டும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மண்டபத்துக்குள் போனதை நான் கண்டிருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்டேன். புதுக்குடியிருப்பு என்றார்கள்.

அந்தப் பின்னணியால் இங்கே ட்ரோன் என்றாலே பாதுகாப்பு விவகாரம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, 25ஆம் திகதி சிவில் விமான சேவைகள் அதிகாரசபை நாடு முழுக்க ட்ரோன் அனுமதிகளை நிறுத்தியது. பிறகு தளர்ந்தது. பதிவு வேண்டும், அனுமதி வேண்டும், பாதுகாப்பு அமைச்சும் சரி சொல்ல வேண்டும். இதில் நான் குறை காணவில்லை. ஆனால் இதன் பக்கவிளைவு ஒன்று இருக்கிறது. ட்ரோன் விடும் பெடியளுக்குப் பொலிஸையும் ஆமிக் காம்பையும் பற்றி நன்றாகத் தெரியும். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சுன்னாகத்தில் ஒரு கலியாணத்தில் வீடியோ எடுக்க வந்த தம்பியோடு கதைத்தேன். நல்ல பெடியன். பதிவுப் பத்திரம், அனுமதிக் கடிதம் எல்லாம் பிளாஸ்ரிக் பைலில் ஒழுங்காக வைத்திருந்தான். எந்த முகாமுக்கு மேலே விடக்கூடாது என்று மனப்பாடம். விமானத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பிளேன் வாற நேரம் தெரியுமோ தம்பி?"

"ஒண்டு வாறது தெரியும் அண்ணை. எந்தப் பக்கத்தாலை வருமெண்டு தெரியாது."

"காத்து எந்தப் பக்கமெண்டு பாப்பீங்களோ?"

"பாக்கிறனான், ட்ரோன் இழுபடும் எண்டதுக்காக. அதுக்கும் பிளேனுக்கும் என்ன அண்ணை?"

கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன். பலாலி ஓடுபாதையின் ஒரு நுனியில் 05 என்றும் மற்ற நுனியில் 23 என்றும் எழுதியிருக்கும். 50 பாகை, 230 பாகை என்பதன் சுருக்கம் அது. அதாவது ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்கே கடல். தென்மேற்கே கட்டுவன், மல்லாகம் பக்கம், சனம் இருக்கிற ஊர். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். சோளகம் அடிக்கிற காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். அப்போது விமானம் கடல் பக்கத்தால் வந்து இறங்குவதுதான் இயல்பு. வாடை அடிக்கிற மார்கழி, தையில் மறுபக்கமாக, ஊருக்கு மேலால் பதிந்து வந்து இறங்கும். ஆவணிக் கலியாணத்துக்கும் தைக் கலியாணத்துக்கும் வானம் ஒன்றில்லை. தையில்தான் பட்டமும் ஏறுகிற காலம். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று நடக்கிற பட்டப் போட்டிக்கு நானும் போய்ப் பார்க்கிறவன், அந்தக் கலையை யாரும் தடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டத்துக்கு ஒரு நூலாவது இருக்கிறது, இழுத்துக் கீழே இறக்கலாம்.

பிறகு உயரக் கணக்கு. அவனுடைய றிமோட் திரையில் உயரம் மீற்றரில் வருகிறது, அதுவும் ட்ரோன் கிளம்பிய முற்றத்திலிருந்து. விமானி பார்ப்பது அடியில், கடல் மட்டத்திலிருந்து. 120 மீற்றர்தானே, தாழ்வுதான் என்று அவன் நினைக்கிறான். வழமையான மூன்று பாகைச் சரிவில் இறங்கி வரும் விமானம், ஓடுபாதைக்குச் சுமார் 2 கிலோமீற்றர் இருக்கும்போது அதே 120 மீற்றரில்தான் இருக்கும். சென்னையிலிருந்து வரும் ஏ.டி.ஆர். 72 ரக விமானம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றரில் வருகிறது என்று வைத்தால், ஒரு செக்கனுக்கு 55 மீற்றர். வெள்ளை ட்ரோன் ஒன்றை வெள்ளை முகிலுக்கு முன்னால் விமானி காணும்போது மிஞ்சுவது சில செக்கன்தான். இரண்டு பக்கமும் ஆறு அலகுள்ள விசிறி சுழல்கிறது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்லை அண்ணை" என்றான்.

என் கோபம் முழுக்க அந்த இடத்தில்தான். அவன் மேல் இல்லை. ஒரு பெடியனிடம் பத்திரம் கேட்கும் அத்தனை பேரும் இருக்கிறார்கள், கற்பிக்க ஒருவரும் இல்லை. ட்ரோன் பொறுப்பானவன் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பொறுப்பு என்றால் என்ன என்பதை அவனுக்குக் காட்டவில்லை. முந்தி, விமான நிலையத்துக்குக் கிட்டப் போனால், டி.ஜே.ஐ. என்ற சீன நிறுவனத்தின் ட்ரோன் தானே ஏற மறுக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்த நிறுவனம் அந்தத் தடையை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றியது. ஐரோப்பாவில் அதற்கு முதலே மாற்றிவிட்டார்கள். முடிவெடுப்பது ஓட்டுகிறவரின் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். சரி, ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஓட்டுகிறவருக்கு முடிவெடுக்கத் தெரிய வேண்டுமே.

சட்டம் எழுதியவர்கள் இதை எப்போதோ யோசித்திருக்கிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துக்காக 1944இல் எழுதப்பட்ட சிகாகோ உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரையிலேயே, விமானியில்லாமல் பறக்கக்கூடிய விமானம் விசேட அனுமதியின்றி இன்னொரு நாட்டுக்கு மேலே பறக்கக் கூடாது என்று இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து, தூரத்திலிருந்து ஓட்டும் பெரிய விமானங்களின் விமானிக்கு உலகளவில் லைசென்ஸ் தரமும் வந்துவிட்டது. மேல்தட்டு ஒழுங்காகிக்கொண்டு வருகிறது. கலியாண வீட்டு முற்றம்தான் விடுபட்டுப் போய்க் கிடக்கிறது.

விமானத் தொழிலில் எங்களுக்கு ஊட்டி வளர்த்த பழக்கம் ஒன்று உண்டு: பிழை விட்டால் எழுது. கருவி ஒன்றை இறக்கைக்குள் விட்டுவிட்டு மூடியவன் தானாக வந்து சொன்னால் அவனைத் தண்டிக்காமல் விமானத்தைத் திறந்து எடுப்பார்கள். அமெரிக்காவில் 1976இலிருந்து நாசா இதற்கென்றே ஒரு இரகசிய அறிக்கை முறை நடத்துகிறது. விமானி, கட்டுப்பாட்டாளர், மெக்கானிக் யாரும் பேர் வெளிவராமல் எழுதலாம். இப்போது ட்ரோன் ஓட்டுகிறவர்களும் அதில் எழுதலாம். அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. அவர்களையும் எங்களோடு சேர்த்து இருத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பெடியனுடைய ட்ரோன் சிக்னல் அறுந்து வடக்கே அடித்துக்கொண்டு போனால் அவன் என்ன செய்வான்? பயத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவான். ரவருக்கு ஒரு அழைப்பு எடுத்து, "அண்ணை, என்ரை ட்ரோன் கையை விட்டுப் போட்டுது, கடைசியா மல்லாகத்திலை 90 மீற்றரிலை நிண்டது" என்று சொன்னால் இறங்க வரும் விமானத்தைப் பத்து நிமிடம் கடலுக்கு மேல் சுற்ற விடலாம். அவ்வளவுதான் தேவை. ஆனால் அந்த அழைப்பு அவனை மறியலுக்குக் கொண்டுபோகாது என்ற உறுதி அவனுக்கு வேண்டும். அதைத் தரவேண்டியது மேலே இருப்பவர்கள்.

விமானி, ரவர்காரர், தரை ஊழியர், ஹங்கர்காரர் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்று என்றேன். அது இதுதான்: வானத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பேர் இருக்க வேண்டும், அந்தப் பேருக்குரியவர் எங்களோடு கதைக்கிறவராக இருக்க வேண்டும். ட்ரோன்காரரைக் கலைக்கச் சொல்லி என்னோடு வேலை செய்கிற யாரும் கேட்கவில்லை. தொழிலுக்குள் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோ எடுக்கிற தம்பிமார், ட்ரோன் வைத்திருக்கிற ஸ்ரூடியோக்காரர், ஒரு பின்னேரம் ஓரிடத்தில் கூடினால் நான் வருகிறேன். தெல்லிப்பழையிலோ சுன்னாகத்திலோ ஒரு வாசிகசாலை போதும். ஓடுபாதை எப்படிக் கிடக்கிறது, காற்றைப் பார்த்து விமானம் வரும் பக்கத்தை எப்படி ஊகிப்பது, மீற்றரை அடியாக்குவது, பற்றரி ஊதினால் என்ன செய்வது, பறக்க விட்டதை ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், உயரம் எழுதிக் கீழே கையெழுத்து வைப்பது எப்படி என்று இரண்டு மணித்தியாலத்தில் சொல்லித் தரலாம். பலாலியில் வேலை செய்கிற தெரிந்தவர்களையும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள். சுன்னாகத்துத் தம்பி தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். மாசி முடியும் வரை ஊரில்தான் நிற்பேன். பின்னூட்டத்தில் நாளைச் சொல்லுங்கோ.